பழைய ஷெஃபீல்டு மடக்குக்கத்தி வைத்திருப்பவர்கள் தினமும் எதைப் பேசிக்கொள்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “லீட்ஸ் நகரில் இருக்கும் என் மைத்துனர் பழைய ஆங்கிலேய மடக்குக்கத்திகளைச் சேகரிக்கிறார். காலையில் எழுந்ததும் அன்று சட்டைப்பையில் போடப்போகும் கத்தியைப் படம் எடுத்து நான்கைந்து நண்பர்களுக்கு அனுப்புகிறார். அவர்களும் பதிலுக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அதே கத்திகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இதில் தினமும் பேசுவதற்கு என்ன இருக்கிறது? இது ஒருவகை ஆயுத மோகமா?”

நான் 16 ஆண்டுகளாக, கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரில் வசிக்கிறேன்; அதில் 12 ஆண்டுகளாக இப்படிப்பட்ட ஒரு சிறு வட்டத்தில் இருக்கிறேன். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர், தச்சர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், வடக்கே ஆடு வளர்க்கும் ஒருவர், நான் என ஐந்து பேர் இருந்தோம். உங்கள் மைத்துனரை எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய காலைப்பொழுது எப்படிப் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆயுதம் என்ற பேச்சை முடித்துவிடுவோம். இங்கிலாந்தில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதை 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டமே ஒரே ஒரு வகைக்கு விலக்கு அளித்திருக்கிறது: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, மடக்கக்கூடிய பாக்கெட் கத்தி. திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்த விலக்கில் சேராது என்று 1990களின் தொடக்கத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. பெரும்பாலான பழைய ஷெஃபீல்டு மடக்குக்கத்திகளுக்குப் பூட்டு கிடையாது. முதுகுப்புறத்தில் இருக்கும் எஃகு ஸ்பிரிங் அலகின் அடிக்கட்டையை அழுத்திக்கொண்டிருப்பதால்தான் அலகு திறந்தபடி நிற்கிறது. முதுகுப்பக்கம் அழுத்தினால் மடங்கிவிடும். குத்துவதற்கு இதைவிடப் பொருத்தமற்ற கருவி கிடையாது. ஆப்பிள் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, பென்சில் சீவ, தோட்டத்தில் ஒரு கிளையைக் கழிக்க என்று ஆனது இது. தமிழில் நாம் இன்றும் இதைப் பேனாக்கத்தி என்று அழைக்கிறோம். பறவை இறகை எழுதுகோலாகச் சீவிய காலத்து ஆங்கிலப் பெயர் நம் பேச்சில் அப்படியே தங்கிவிட்டது. ஓலையில் எழுதியவர்கள் கத்தியையும் எழுத்தாணியையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்த மடக்கெழுத்தாணியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருளின் இயல்பு உடனே புரியும். எழுதுகிறவனும் உழுகிறவனும் இடுப்பில் வைத்திருந்த கருவி இது.

அப்படியானால் ஒரே கத்தியைப் பற்றித் தினமும் பேச என்ன இருக்கிறது? கத்தி தினமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதே என் பதில். துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரியர்லி உருவாக்கியது இதே ஷெஃபீல்டில்தான்; இருந்தும் சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் கையில் எடுப்பது பழைய கார்பன் எஃகைத்தான். கார்பன் எஃகு தொட்டதையெல்லாம் தன்மேல் பதித்துக்கொள்ளும். ஆப்பிளின் புளிப்புக்குச் சாம்பல் நிறம் ஏறும். தக்காளியும் கடுகுச் சாந்தும் பட்ட இடத்தில் மழைமேகம்போல் நீலமும் பழுப்பும் கலந்து படரும். முதல் வாரம் அது கறைபோலத் தெரியும். ஒரு வருடம் கழித்து அலகு முழுவதும் சீரான கருஞ்சாம்பல் நிறம் படிந்து, அதுவே செந்துரு ஏறாமல் ஓரளவு காக்கும் படலமாகிவிடும். நண்பர் திங்கட்கிழமை அனுப்பிய படத்தையும் வியாழக்கிழமை அனுப்பிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடையில் அவர் வீட்டில் எலுமிச்சை நறுக்கியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். எங்கள் ஆசிரியை ஒருமுறை அப்படித்தான் கேட்டார்: “நேற்று மீன் செய்தீர்களா?” ஆம் என்று பதில் வந்தது.

இந்த வட்டத்துக்குள் நான் வந்த கதையைச் சொன்னால் மீதி விளங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயல்வெளியில் கார்களின் பின்கதவைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தையில் 4 பவுண்டு கொடுத்து ஒரு கத்தி வாங்கினேன். கறுத்துப் போயிருந்தது, அலகு பாதிவரைதான் திறந்தது. தயாரித்தவரின் முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் அழுக்கு மட்டுமே தெரிந்தது. அடுத்த மேசையில் பழைய உளிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் என் கையிலிருந்ததைப் பார்த்தார், கேட்காமல் தொடவில்லை. “பார்க்கலாமா?” என்றார். கொடுத்தேன். மடங்கியிருந்த நிலையிலேயே வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தி, ஸ்பிரிங்குக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையே ஒளி ஊடுருவுகிறதா என்று பார்த்தார். ஊடுருவவில்லை. “உள்ளே நன்றாக இருக்கிறது. யாரும் எண்ணெய் விடவில்லை, அவ்வளவுதான்” என்றார். அவர்தான் பின்னாளில் எனக்கு நெருங்கிய நண்பரான அந்த அஞ்சல்காரர்.

மறுநாள் மாலை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் அந்தக் கத்தி திறந்தது. அவர் செய்தது மிக எளிய வேலை. பழைய செய்தித்தாளை விரித்து, கத்தியின் மூட்டில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே வைத்தார். பிறகு பாதி திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மூட்டிலிருந்து கறுப்பாக எண்ணெய் கசிந்தது. துணியால் துடைத்தார். மறுபடி ஒரு சொட்டு. முனை சீவிய தீக்குச்சியால் அலகு உட்காரும் பள்ளத்தில் இருந்த பஞ்சையும் புகையிலைத் தூளையும் நெம்பி எடுத்தார். வெந்நீர் விடக்கூடாது, கொம்பு வளைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். எட்டாவது சொட்டு நிறம் மாறாமல் வெளிவந்தபோது கத்தியை என் கையில் கொடுத்து, “இப்போது திறந்து பாருங்கள்” என்றார். அலகின் பக்கத்தில் நகத்துக்கென்று வெட்டியிருக்கும் சிறு பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுத்தேன். அலகு இழுபடாமல் எழுந்து, பாதியில் ஒரு கணம் நின்று, பிறகு ‘டக்’ என்ற ஒலியோடு நேரானது. இந்த அசைவையும் ஒலியையும் சேர்த்து இவர்கள் கத்தியின் “நடையும் பேச்சும்” என்பார்கள். நல்ல நடை, நல்ல பேச்சு என்பது ஒரு பழைய கத்திக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த பாராட்டுகளில் ஒன்று.

அன்றிரவு அத்தோடு முடிந்துவிடவில்லை. துடைத்த அலகின் அடியில் எழுத்துகள் தெரியத் தொடங்கின: ஒரு கிரீடம், அதன் இருபுறமும் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ‘ஜி’, ‘ஆர்’ என்ற இரண்டு எழுத்துகள், கீழே ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற நிறுவனத்தின் பெயர், மறுபுறம் ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். அவர் உடனே தச்சரைத் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒரு அரை அங்குலப் பரப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நான் வியந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நட்சத்திரமும் சிலுவையும் 1682ஆம் ஆண்டிலிருந்து பதிவில் இருக்கும் முத்திரை என்பதால் அதைக்கொண்டு காலத்தைக் கணிக்க முடியாது. ஆனால் இங்கிலாந்து என்ற சொல்லும் அலகில் இருந்தது. இறக்குமதிப் பொருளில் உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் வற்புறுத்திய பிறகுதான் அந்தச் சொல் ஷெஃபீல்டு அலகுகளில் பரவலானது. அதனால் விக்டோரியா காலத்துக்கு முற்பட்ட ஜார்ஜ் மன்னர்களைத் தள்ளிவிடலாம். ‘ஜி.ஆர்.’ என்றால் ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ். 1936இல் எட்டாம் எட்வர்டு ஆண்ட மாதங்கள் நீங்கலாக, 1910 முதல் 1952 வரை. அதற்குமேல் நெருங்க வேண்டுமானால் வேறு சான்று வேண்டும். தச்சரிடம் ஒரு பழைய விலைப்பட்டியலின் நகல் இருந்தது. ஆசிரியையிடம் ஏறக்குறைய இதேபோன்ற இன்னொரு கத்தி இருந்தது. எல்லோரும் ஒரு சனிக்கிழமை தேநீர்க் கடையில் கூடி, இரண்டு கத்திகளையும் அருகருகே வைத்து, எழுத்துகளின் வடிவத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஐந்தாம் ஜார்ஜ் காலத்தின் பிற்பகுதி என்று ஒருவாறு முடிவு செய்தார்கள். மறுநாள் காலை அஞ்சல்காரரிடமிருந்து எனக்கு ஒரு வரி வந்தது: “கத்தி எப்படி இருக்கிறது?” அன்று தொடங்கியதுதான் இந்தக் காலைப் பேச்சு.

இதில் ஒருவரை ஒருவர் நாடியே ஆகவேண்டிய கட்டாயம் ஒன்று உண்டு. ஷெஃபீல்டின் கத்தித் தொழில் ஒரே கூரையின்கீழ் நடந்த தொழில் அல்ல. அலகை அடித்து உருவாக்குபவர் ஒருவர், சாணைக்கல்லில் தீட்டுபவர் இன்னொருவர், எல்லா உறுப்புகளையும் கூட்டிக் கத்தியாக்குபவர் மூன்றாமவர். அவரைத்தான் கட்லர் என்பார்கள். பெரிய நிறுவனங்கள்கூடப் பல வேலைகளை வெளியே கொடுத்து வாங்கின. ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனக்கெனத் தொழில் செய்த கைவினைஞர்களை ‘லிட்டில் மெஸ்டர்’ என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்வார்கள். சிறு முதலாளி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பலருக்கும் முதல் என்று இருந்தது கைத்திறன் மட்டுமே. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட, இந்த வட்டாரக் கத்தித் தொழிலின் சங்கமான ஹாலம்ஷயர் கட்லர்ஸ் கம்பெனி முத்திரைகளைப் பதிவு செய்தது. எந்தக் கத்தியை எந்தக் கை கூட்டியது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது மாதிரிப் பலகைகளும் விலைப்பட்டியல்களும் கருவிகளும் திசைக்கு ஒன்றாகச் சிதறின. கெல்ஹாம் ஐலண்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் கென் ஹாலி தொகுப்பு, தனி மனிதர் ஒருவர் வாழ்நாளெல்லாம் அலைந்து அவற்றில் ஒரு பகுதியைக் காப்பாற்றியதன் பயன். மற்றவை சேகரிப்பவர்களின் மேசை இழுப்பறைகளில் இருக்கின்றன. ஒருவரிடம் பட்டியல், இன்னொருவரிடம் கத்தி, மற்றொருவருக்கு அப்பா அந்தப் பட்டறையில் வேலை பார்த்த நினைவு. மூன்றும் ஒரே மேசைக்கு வந்தால்தான் ஒரு கத்தியின் வரலாறு கிடைக்கும்.

முத்திரைகளைப் பற்றிய பேச்சுக்கு முடிவே கிடையாது. ஜார்ஜ் வாஸ்டன்ஹோம் நிறுவனத்தின் முத்திரை 1787இல் பதிவானது. ‘ஐ’, ‘எக்ஸ்’, ‘எல்’ என்ற மூன்று எழுத்துகள், சேர்த்துப் படித்தால் ‘நான் விஞ்சுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும். அந்தக் குடும்பப் பெயரே முதலில் இன்னும் நீளமாக இருந்ததாகவும், சிறிய அலகில் இடம் போதாமல் எழுத்துகளைக் குறைத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். டெய்லர் நிறுவனத்துக்கு ஒரு கண். ஐபர்சனுக்கு ஒரு வயலின். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடையாளம் கண்டுகொள்ளும்படி அமைந்த முத்திரைகள் இவை. இதனால்தான் படம் எடுக்கும்போது எப்போதும் முத்திரைப் பக்கம் மேலே இருக்கும். உங்கள் மைத்துனர் அனுப்பும் படங்களைக் கவனித்துப் பாருங்கள்.

அவரிடம் இருக்கும் கத்திகளில் ஒன்றாவது லாம்ஸ்ஃபுட் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆட்டுக்குட்டியின் கால் என்பது பெயரின் பொருள். ஆட்டின் குளம்பைச் சீவப் பயன்பட்டதால் வந்த பெயர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வெட்டும் விளிம்பு அளவுகோல்போல நேர்கோடாக இருக்கும். முதுகு அடியிலிருந்தே சாய்ந்து வந்து நுனியில் சட்டென்று இறங்கும். இதைவிட எளிய வடிவம் இல்லை, ஆனால் இதைப்போலக் குறையை மறைக்காத வடிவமும் இல்லை. விளிம்பில் நடுப்பகுதி ஒரு மயிரிழை குழிந்தாலும், பலகையில் வைத்து அழுத்தினால் அடியில் வெளிச்சம் தெரியும். கையால் தீட்டியவை என்பதால் ஒரே பட்டறையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு லாம்ஸ்ஃபுட் கத்திகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் முதுகு சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கும். எங்கள் ஆடு வளர்ப்பவர் இன்றும் இதை அதன் வேலைக்கே பயன்படுத்துகிறார். குளம்பழுகல் நோய் கண்ட ஆட்டின் காலைத் தன் முழங்காலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, மிதமிஞ்சி வளர்ந்த குளம்பின் விளிம்பை அவர் சீவி எறியும் படம் ஒன்று எங்களுக்கு வந்தது. நேரான விளிம்பும் கூர்மையற்ற நுனியும் எதற்காக என்பது அந்தப் படத்தில் எனக்கு விளங்கியது. ஆடு துள்ளினாலும் நுனி சதையில் ஏறாது.

கைப்பிடியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியவேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. மதிப்புமிக்க ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றின் கரடுமுரடான மான்கொம்புப் பிடி, நாம் கடமான் என்றும் மிளா என்றும் அழைக்கும் மானுடையது. காடுகளில் உதிர்ந்து கிடந்த கொம்பு மூட்டைமூட்டையாக இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. மற்ற மான்களின் கொம்பைவிட இது உள்ளே கெட்டியாக இருப்பதால் பிடி செய்ய ஏற்றது. பிற்காலத்தில் இந்திய அரசு அதன் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அதனால் இன்று அந்தக் கொம்போடு இருக்கும் பழைய கத்திக்குத் தனி மதிப்பு. எருமைக்கொம்பும் இந்தியாவிலிருந்து வந்தது. யானைத் தந்தப் பிடிகளும் ஏராளமாக இருந்தன. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் தந்தச் சட்டம் மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர அவற்றின் விற்பனையைத் தடுத்திருக்கிறது, எங்கள் வட்டத்தில் யாரும் அதற்காக வருந்தவில்லை. எங்களுக்குப் பிடித்தது மாட்டுக்கொம்பு. வெறும் கண்ணுக்கு அது மங்கிய பழுப்பாக இருக்கும். காலை வெயில் வரும் சன்னலில் உயர்த்திப் பிடித்தால், ஓரங்களில் ஒளி ஊடுருவித் தேன்பாகு நிறத்தில் ஒளிரும். உள்ளே ஓடும் கோடுகள் தெரியும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பக் குழாய்கள் ஓடும்போது கொம்பு உலர்ந்து சுருங்கி, உலோக முனைக்கும் கொம்புக்கும் நடுவே தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். நவம்பர் மாதத்தில் எங்கள் பேச்சில் பாதி அதைப் பற்றித்தான்: யாருடைய கொம்பு சுருங்கியது, எந்த எண்ணெய் தடவினார்கள், வசந்தத்தில் மறுபடி பொருந்தியதா.

இவ்வளவு அக்கறையும் வெறும் பொருளின்மேல் மட்டும் உள்ள அக்கறை அல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போர்ட்டர் ஓடைக்கரையில் ஷெப்பர்டு வீல் என்ற பழைய சாணைப்பட்டறை இன்றும் நீர்ச்சக்கரத்தோடு இருக்கிறது. உள்ளே போனால் வரிசையாகச் சாணைக்கற்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் குதிரைமேல் அமர்வதுபோல் கால் பரப்பி உட்கார ஒரு மரப்பலகை. அந்தப் பலகையில் அமர்ந்தவர்கள் கல்தூளையும் எஃகுத்தூளையும் சேர்த்து மூச்சில் இழுத்தார்கள். தண்ணீரில்லாமல் முள்கரண்டி தீட்டியவர்கள் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையில் இறந்தார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஊர் மருத்துவர் ஒருவர் எழுதியதை எங்கெல்ஸ் எடுத்தாண்டிருக்கிறார். மேசைக்கத்தி தீட்டியவர்கள் ஈரக்கல்லில் தீட்டியதால் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதுவரை வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் தச்சரின் பாட்டனார் அந்த வேலையில் இருந்தவர். ஆகவே ஒரு பழைய அலகை மின்சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்கிவிட்டேன் என்று யாராவது பெருமையாகக் காட்டினால், இந்த வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அந்த மினுமினுப்போடு தீட்டியவர் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகளும் முத்திரையின் விளிம்பும் போய்விட்டன. அவற்றை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பயன்படுத்தலாமா, பாதுகாக்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எப்போதும் பயன்படுத்தாத நிலையில் கிடைத்த கத்தியை அப்படியே வைக்கவேண்டும் என்பார் ஆசிரியை. கத்தி வெட்டுவதற்குத்தான் என்பார் ஆடு வளர்ப்பவர். நான் ஆசிரியையின் பக்கம். பயன்படுத்திய கத்திகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, பட்டறையிலிருந்து வந்தபடியே இருப்பவை மிகச் சில. கட்லர்ஸ் கம்பெனியின் மாளிகையான கட்லர்ஸ் ஹாலில் நார்ஃபோக் கத்தி என்ற ஒன்று இருக்கிறது. 1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சிக்காக ராட்ஜர்ஸ் நிறுவனம் செய்தது, 75 அலகுகளும் கருவிகளும் கொண்டது. ஒருமுறை அவசியம் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் நாங்கள் பேசியது மட்டும் எங்கள் பைகளில் இருந்த ஒற்றை அலகுக் கத்திகளைப் பற்றித்தான்.

செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது இந்த நட்புக்கு உயிர் கொடுக்கும் இன்னொரு காரணம். ஸ்டான் ஷா 1941இல் பதின்ம வயதுச் சிறுவனாக ஐபர்சன் பட்டறையில் சேர்ந்து, தொண்ணூறு வயதைக் கடந்தும் மடக்குக்கத்தி செய்துகொண்டிருந்தார். அவரிடம் கத்தி கேட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021இல் அவர் மறைந்த அன்று எங்கள் காலைப் படங்கள் எல்லாவற்றிலும் கத்திகள் மூடியே இருந்தன. யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. அவருக்குப் பின்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கையால் கத்தி கூட்டுகிறார்கள். நான் முன்பு ஒரு பட்டறையில் வாங்கிய கத்தியின் அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்கத் தகட்டை உரசியது. எனக்கு மனவருத்தம்தான். தச்சர் அதைத் திருப்பி அனுப்பவேண்டாம் என்றார். மெல்லிய பித்தளைத் துண்டு ஒன்றை இடுக்கில் வைத்து, மிகப் பொறுமையாக அலகை நேர்ப்படுத்திக் கொடுத்தார். இப்போது நான் அதிகம் பையில் வைத்திருப்பது அந்தக் கத்தியைத்தான்.

கொடுக்கல் வாங்கல்தான் இந்த வட்டத்தின் உயிர்நாடி. கத்தியை இனாமாகக் கொடுத்தால் அது நட்பை வெட்டிவிடும் என்பது ஆங்கிலேயர்களின் பழைய நம்பிக்கை. ஆகவே பெறுபவர் ஒரு பென்னியாவது திருப்பித் தரவேண்டும். அப்போது அது பரிசாக இல்லாமல் விலைக்கு வாங்கியதாகிவிடும். தூரத்தில் இருப்பவருக்கு அனுப்பும்போது, அவரிடம் சில்லறை இல்லாமல் போய்விடக்கூடாது என்று கத்தியின்மேலேயே ஒரு பென்னியை ஒட்டி அனுப்புவார்கள். அதைப் பிரித்துத் திருப்பித் தந்தால் போதும். நான் இதைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாத பழக்கமாக ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு பேர் நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து ஒரு நாணயத்தைக் கைமாற்றும்போது, கொடுத்ததும் பெற்றதும் இருவர் மனத்திலும் பதிந்துவிடுகிறது. என் மேசையில் ஒரு சிறு டப்பாவில் 9 பென்னிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தக் கத்திக்கு யார் தந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அஞ்சல்காரர் மறைந்தார். அதற்கு முந்தைய வாரம் அவரிடமிருந்து படம் வரவில்லை; இரண்டாம் நாளே ஆசிரியை அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார், மருத்துவமனையில் சேர்த்ததும் அவர்தான். காலைப் படம் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கும்தான். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி எங்களை அழைத்து, மேசையில் கத்திகளை வரிசையாக வைத்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். விலையுயர்ந்தவற்றைப் பேரனுக்கு வைக்கச் சொல்லிவிட்டு, நான் எடுத்துக்கொண்டது அவர் ஐம்பது ஆண்டுகள் பையில் வைத்திருந்த ஒரு கத்தி. தீட்டித் தீட்டி அலகின் அகலம் பாதியாகத் தேய்ந்திருக்கிறது. வலது கட்டைவிரல் படும் இடத்தில் கொம்பு குழிந்து வழவழப்பாகிவிட்டது. என் கட்டைவிரலை அங்கே வைத்தால், அவருடைய விரல் என்னுடையதைவிடப் பெரியது என்று தெரிகிறது. நாங்கள் நான்கு பேரும் அந்த அம்மையாரிடம் ஆளுக்கொரு பென்னி கொடுத்தோம். அஞ்சல்காரரின் பிறந்த நாளன்று காலையில் அந்த நான்கு கத்திகளின் படங்கள்தான் வரும், அம்மையாருக்கும் அனுப்புவோம்.

உங்கள் மைத்துனரின் வட்டம் எங்களுடையதைப்போலவே இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்தமுறை அவர் படம் அனுப்பினால், அலகின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் அன்று வேலைக்குத் தாமதமாகப் போகவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் லீட்ஸுக்குச் செல்லும்போது உங்கள் கையில் ஒன்றைக் கொடுத்தால், நகத்தை நன்றாகப் பள்ளத்தில் மாட்டி மெல்லத் திறங்கள்; மூடும்போது விரல்கள் விளிம்பின் பாதையில் இருக்கக்கூடாது, ‘டக்’கென்று தானாக மூடவிடாமல் கையால் வழிநடத்தி மூடுங்கள். உங்களுக்கே என்று கொடுத்தால் ஒரு ரூபாய் நாணயம் தந்தால் போதும், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார். திரும்பும்போது அதைக் கைப்பையில் வைக்காமல், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். கடற்கரை ஊராக இருந்தால் உப்புக்காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் செம்மை தட்டும். பழம் நறுக்கியதும் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயாவது தடவி வையுங்கள்.